இருபத்தொரு நாள் வைக்கோல்

"ராகித் தாள் போர் எனக்கு. நெல்லு வைக்கோல் தம்பிக்கு. சரிதானே?" என்று ஜவரேகவுடா கேட்டார்.

பாகப் பிரிவினைக்காகப் பசவன் கோயில் முன்னால் உட்கார்ந்திருந்த ஐந்து பெரியவர்களும் சரி என்றார்கள். தம்பி போரேகவுடாவும் சரி என்றான். அண்ணன் எதைச் சொன்னாலும் நாற்பது வருஷமாக அவன் சரிதான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

மதில் ஓரமாகப் பெண்களோடு நின்றிருந்த அவன் மனைவி செலுவம்மா பல்லைக் கடித்தாள். ராகித் தாள் என்றால் மாட்டுக்குச் சாப்பாடு. நெல்லு வைக்கோல், அதுவும் போன வருஷத்து வைக்கோல், மாடு வாயை ஆட்டிக்கொண்டிருக்க ஒரு சாக்கு. வயிறு உப்பும், மடி வற்றும்.

"பசு?" என்று அவர்களில் ஊர்த் தலைவரான பட்டேல் கேட்டார்.

"சுக்கிய அப்பா சாகறப்போ சின்ன மருமகளுக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டார். கன்னுக்குட்டியில இருந்து அவதான் வளர்த்தா, நான் இல்லேங்கலை." ஜவரேகவுடா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஓட்டிட்டுப் போகட்டும். ஆனா ஒண்ணு. தீனி இல்லேன்னு என் போர்ல வந்து ஒரு பிடி தாள் கேட்டாங்கன்னா, அன்னிக்கே சுக்கி என் தொழுவத்துக்கு வந்துடணும். வளர்க்கத் தெரியாதவங்க கையில அப்பா மாடு எலும்பாகறத நான் பார்த்துட்டு இருக்க மாட்டேன்."

"நியாயமாத்தான் படுது. என்னப்பா போரா?"

போரேகவுடா தலையாட்டினான்.

செலுவம்மா பசுவை வீட்டுக்கு ஓட்டி வந்தாள். சுக்கியை முளையில் கட்டிவிட்டு அதன் நெற்றி வெள்ளையைத் தடவியபடி கேட்டாள்: "உங்க கழுத்துக்கு மேல இருக்கறது ஆட்டறதுக்கு மட்டுந்தானா?"

"ஊர் முன்னாடி நான் என்னடி பேசறது?"

"பேச வேண்டாம். ஆட்டாம இருந்திருக்கலாம்."

பதினைந்து நாளில் சுக்கியின் பால் ஆறு லிட்டரிலிருந்து மூன்றரைக்கு இறங்கியது. வைக்கோலை முகர்ந்து பார்த்து, பெருமூச்சு விட்டு, வேறு வழியில்லாமல் மெல்லும். பக்கத்துத் தொழுவத்தில் ஜவரேகவுடாவின் மாடுகள் ராகித் தாளை நொறுக்கும் சத்தம் கேட்டால் காதைத் திருப்பும். நடுவில் இடுப்பு உயரச் சுவர் ஒன்றுதான்.

அந்த வாரம்தான் பால் சங்கத்தில் மாட்டு டாக்டர் வந்து கூட்டம் போட்டார். சின்ன வயசுப் பெண். பேசியது கொஞ்சம், செய்து காட்டியது அதிகம். செலுவம்மா முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

"யூரியாவா? வயலுக்குப் போடற யூரியாவையா?" என்று பின்னால் ஒருத்தர் எழுந்தார். "எங்க எருமை யூரியாச் சாக்கு அலசின தண்ணியக் குடிச்சுட்டு ஒரு மணி நேரத்துல காலை நீட்டிடுச்சு தாயி. நீங்க தின்னக் கொடுங்கறீங்க!"

"அப்படியே குடிச்சா சாகத்தான் சாகும், ஐயா. அதனாலதான் அளவும் நாளும் சொல்றேன். நூறு கிலோ வைக்கோலுக்கு நாலு கிலோ. அம்பது லிட்டர் தண்ணியில முழுசாக் கரைச்சு, வைக்கோல்ல சமமாத் தெளிச்சு, மிதிச்சு, காத்துப் போகாம மூடி, இருபத்தொரு நாள் வெக்கணும். உள்ள வர்ற ஆவி வைக்கோலோட நார வேக வெச்ச மாதிரி மெத்துனு ஆக்கிடும். மாடு அதிகம் தின்னும், தின்னது உடம்புல ஒட்டும்."

"நடுவுல தெறந்து பார்த்தா?" என்று செலுவம்மா கேட்டாள்.

"போச்சு. ஆவி போயிடும். வைக்கோல் பூஞ்சை புடிச்சுடும்."

"ஒரு கைப்பிடி உருவினாக்கூட?"

"சோறு வேகறப்போ பானையை ஓட்டை போடுவீங்களாம்மா?"

அன்று சாயங்காலமே செலுவம்மா பால் சங்கத்துத் தராசைக் கேட்டு வாங்கி வந்தாள். முன்னூறு கிலோ வைக்கோல், பன்னிரண்டு கிலோ யூரியா, குடம் குடமாகத் தண்ணீர். வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பிப் பூவாளியால் தெளித்துக்கொண்டே வந்தாள். போரேகவுடா மேலே ஏறி மிதித்தான்.

"கல்யாணத்துல ஏழடி வெச்சேன். இப்போ ஏழாயிரம் அடி வெக்க வெக்கற."

"அந்த ஏழடிய ஒழுங்கா வெச்சிருந்தா இது மிச்சம். ஓரத்துல மிதிங்க. ஓரத்துலதான் காத்து போகும்."

சுவருக்கு அந்தப் பக்கம் ஓரகத்தி தேவீரம்மாவின் தலை தெரிந்தது. ஜவரேகவுடாவின் மனைவி.

"என்னடி செலுவி, மாட்டுக்குச் சமாதி கட்டறியா?"

"இல்லேக்கா, பந்தி போடறேன்."

"பந்தியில விஷமா பரிமாறுவாங்க? எருமை செத்தது மறந்து போச்சா?"

"மறக்கலை. அதனாலதான் சுக்கிய வாசப்பக்கம் கட்டிட்டு இங்க கரைக்கறேன். வாளி அலசின தண்ணியக்கூட போர் மேலதான் ஊத்தறேன். நீங்களும் உங்க மாட்டச் சுவரண்டை விடாதீங்க."

"வைக்கோல் தின்னு பால் கறந்துடுமாக்கும்! பேசாம அவர்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேளு. நானும் சொல்றேன். மாடு எங்க தொழுவத்துல இருந்தா உனக்கு மட்டும் பால் இல்லேன்னா சொல்லப் போறோம்?"

"எனக்குப் பால் வேண்டாம்க்கா. மாடு வேணும்."

தார்ப்பாயை இழுத்து மூடி, நான்கு ஓரத்திலும் மண் அணைத்து, மேலே கல் ஏற்றினாள். பிறகு சுவரில் கரிக்கட்டையால் முதல் நாளுக்கு ஒரு கோடு போட்டாள்.

தெளிக்காமல் ஒதுக்கி வைத்த வைக்கோல் இருபத்தொரு நாளைக்குத்தான் வரும், அதுவும் பிடித்துப் பிடித்துப் போட்டால். குறைக்கு, கரும்பு வெட்டப் போன இடத்தில் பச்சைத் தோகையைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்தாள். அப்படியும் பத்தாம் கோட்டில் சுக்கியின் விலா எலும்பை எண்ண முடிந்தது. தேவீரம்மா சில நாள் ராகித் தாளைச் சுவர்மேல் பரப்பிக் காயவைப்பாள். காயவைக்கிற சாக்கில் நாலு தாள் இந்தப் பக்கம் சரியும். சுக்கி கயிறு இறுகக் கழுத்தை நீட்டும். செலுவம்மா ஓடிப்போய் அதை ஒன்று விடாமல் பொறுக்கி அந்தப் பக்கமே எறிவாள்.

"விழுந்ததத் தின்னா என்னடி? வாயில்லா சீவன்!" என்று போரேகவுடா கத்தினான். "உன் வீராப்புக்கு அது ஏன் பட்டினி கிடக்கணும்?"

செலுவம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். தொழுவத்துக்குப் போய்ச் சுக்கியின் கழுத்துக்கு அடியில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பசு அவள் முதுகை நக்கியது. நாக்கு சொரசொரவென்று இருந்தது.

பதினெட்டாம் கோட்டில் சங்கராந்தி வந்தது.

சங்கராந்தி சாயங்காலம் தெருவுக்குக் குறுக்கே வைக்கோல் போட்டுக் கொளுத்தி ஊர் மாடுகளை அந்தக் கிச்சு நெருப்பைத் தாண்ட விடவேண்டும். தாண்டாத மாட்டுக்கு அந்த வருஷம் நோய் என்பது ஊர் நம்பிக்கை. மற்ற மாடுகளோடு அதை ஏரியில் இறக்கக்கூட விடமாட்டார்கள். நெருப்புக்கு வீட்டுக்கு ஒரு கட்டு கொடுப்பது முறை. அந்த வருஷம் கட்டு சேர்க்கிற பொறுப்பு ஜவரேகவுடாவுடையது. மத்தியானம் வண்டியோடு, பின்னால் பாதித் தெருவோடு, தம்பி வாசலில் வந்து நின்றார்.

"போரா, உங்க வீட்டுக் கட்டு."

செலுவம்மா வெளியே வந்தாள். "இருக்கறது மூணு நாள் தீனி பாவா. அதக் கொளுத்திட்டு மாட்டுக்கு என்னத்தப் போடறது?"

"பின்னால மலையாட்டம் மூடி வெச்சிருக்கியே. அதுல ஒரு கட்டு உருவு."

"இன்னும் மூணு நாள் ஆகணும். தெறந்தா மொத்தமும் வீணாயிடும்."

"சாமி காரியத்துக்கு ஒரு கட்டு எடுத்தா வீணாகுமாம்! கேட்டுக்குங்கப்பா. டாக்டரம்மா சொல்லிட்டா வேதம்." அவர் போர்ப் பக்கம் நடந்தார். "நானே உருவிக்கறேன்."

செலுவம்மா முந்திக்கொண்டு போய்த் தார்ப்பாய் மேலேயே ஏறி உட்கார்ந்தாள். கையில் தோகை அறுக்கிற அரிவாள் இருந்தது. அதை அவள் ஓங்கவில்லை, மடியில்தான் வைத்திருந்தாள். ஆனாலும் ஜவரேகவுடா நின்றுவிட்டார். தம்பி மனைவியைத் தொட்டு இறக்க முடியாது. ஊர் பார்க்கிறது.

"எறங்கும்மா."

"மாட்டேன்."

"அப்போ உன் மாடு கிச்சு தாண்டாது."

"தாண்டும்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஜவரேகவுடாவும் சிரித்தார். குரல் குழைந்தது. "சரி, வீம்பு எதுக்கு? என் வண்டியில இருந்தே ஒரு கட்டு ராகித் தாள் எடுத்துக்க. உன் பேர்ல போட்டுடலாம். போரா, வாங்கிக்கடா."

"அண்ணனே கொடுக்கறான், வாங்கேன்!" என்றது கூட்டம். போரேகவுடாவின் கை நீண்டுவிட்டது.

"என்னங்க!" போர் மேலிருந்து வந்த சத்தத்தில் அந்தக் கை அப்படியே நின்றது. "அந்தத் தாள் நம்ம வாசப்படி தாண்டினா, மாடு அவங்க வாசப்படி தாண்டும். தெரியலை?"

கூட்டத்தில் தலைகள் ஜவரேகவுடா பக்கம் திரும்பின. பிறகு பால் சங்கத்து ஆள் ஒருத்தர் மெதுவாக, "ஓஹோ, கதை அப்படிப் போகுதா," என்றார்.

செலுவம்மா சுற்றிலும் பார்த்தாள். பிறகு கணவனைக் கூப்பிட்டாள். "இங்க வந்து உக்காருங்க. நான் வர்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. யார் சொன்னாலும்."

அவன் உட்கார்ந்தான். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குளியல் கொட்டகைச் சுவரில் ஏறினாள். அதன் கூரை கரும்புச் சோகையால் வேய்ந்தது. போன தையில் அவளே வேய்ந்தது. அரிவாளால் கட்டு மாற்றிக் கட்டாக அறுத்து, சோகையை வாரி வாரித் தெருவில் நின்ற வண்டியில் எறிந்தாள். தூசி கிளம்பியது. பல்லி ரெண்டு ஓடியது. வண்டி நிறைந்து வழிந்தது.

"இந்தாங்க பாவா, என் வீட்டுக் கட்டு. ஒண்ணு கேட்டீங்க, எட்டு இருக்கு. மாடு தின்னறது மாட்டுக்கு. மாடு தின்னாதது சாமிக்கு."

"எங்கடி குளிப்ப?" என்று தேவீரம்மா வாயில் கை வைத்தாள்.

"வானத்துக்கு அடியிலதான். அது ஒண்ணும் புடுங்கிட்டுப் போகாது."

அன்று சாயங்காலம் சோகை படபடவென்று ஆள் உயரத்துக்கு எரிந்தது. கொம்பில் மஞ்சளும் கழுத்தில் சாமந்தியுமாகச் சுக்கியை அவள் கயிறு பிடித்து ஓட்டினாள். அது ஆண்கள் செய்கிற வேலை. போரேகவுடா போரை விட்டு எழுந்திருக்கவில்லை, அவள்தான் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாளே. சுக்கி ஒரு கணம் முன்காலை ஊன்றியது. மெலிந்த மாடு, தாண்டுமோ தாண்டாதோ என்று எல்லாரும் பார்த்தார்கள். செலுவம்மா நெருப்போரமாக ஓடினாள். சுக்கி நெருப்பைத் தாண்டிப் பாய்ந்தது.

இருபத்தொன்றாம் நாள் மத்தியானம் மண்ணை விலக்கினாள். கேள்விப்பட்டு இருபது பேர் வந்திருந்தார்கள். தார்ப்பாய் தூக்கியதும் குபீரென்று ஒரு காரம் கிளம்பி எல்லார் கண்ணிலும் நீர் வழிந்தது.

"மூத்திரக் குழி தோண்டிட்டாடா!" என்று ஒருத்தர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்.

வைக்கோல் தேன் நிறத்துக்கு மாறி, கையில் எடுத்தால் துணிபோல் துவண்டது. பூஞ்சை இல்லை. செலுவம்மா ஒரு கூடை அள்ளி, டாக்டர் சொன்னபடி வெயிலில் உதறிப் பரப்பினாள். நாலு மணி நேரம் கழித்துச் சுக்கியின் முன்னால் போட்டாள். சுக்கி முகர்ந்தது. தும்மியது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சுவருக்கு மேல் ஜவரேகவுடா. "பசிச்ச மாடே தொடலை. இன்னும் என்னம்மா?"

"புது ருசி. பழகணும்."

"பழகறதுக்குள்ள போயிடும்."

வேறு தீனி ஒரு பிடி இல்லை. ஒதுக்கி வைத்ததெல்லாம் அன்று காலையோடு தீர்ந்திருந்தது. மறுநாள் விடிந்ததும் செலுவம்மா தோகைக்காகக் கரும்புக் காட்டுக்கு ஓடினாள். சுமையோடு திரும்பியபோது வாசலில் ஒரு கட்டு ராகித் தாள் கிடந்தது. அதன் பக்கத்தில் போரேகவுடா குந்தியிருந்தான்.

அவள் சுமையை இறக்கவில்லை. "யார் கொண்டு வந்தது?"

"நாந்தான். கேட்டு வாங்கினேன்." அவன் கண் சிவந்திருந்தது. "காலையில அது கத்துச்சு செலுவி. உன்னத் தேடித் தேடிக் கத்துச்சு. என்னால முடியலை. மாடு போனாப் போகட்டும், உசுரோட இருக்கட்டும்."

"கட்டப் பிரிச்சீங்களா?"

"இல்ல. நீ வரட்டும்னு..."

"பிரிக்காதீங்க."

அவனைத் திட்ட அவளுக்கு நேரமில்லை. தோகையைப் பொடிப்பொடியாக நறுக்கினாள். இரவெல்லாம் காற்றாடிய வைக்கோலில் ரெண்டு பிடி எடுத்து முகர்ந்தாள். காரம் அடங்கி, புளித்த மாவு போல ஒரு வாசனை மிச்சமிருந்தது. தோகையோடு பிசறி, உப்புத் தண்ணீர் தெளித்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். "தின்னுடி. எனக்காக வேண்டாம். உனக்காகத் தின்னு."

சுக்கி உப்பை நக்கியது. நாக்கோடு நாலு துணுக்கு உள்ளே போயிற்று. மென்றது. நின்றது. மறுபடி மென்றது. பிறகு கையை விட்டுக் கூடைக்குள் தலையை விட்டது.

ஜவரேகவுடா வந்தபோது கையில் புதுக் கயிறு இருந்தது. பின்னால் பட்டேலும் வந்தார், தேவீரம்மாவும் வந்தாள்.

"கேட்டாச்சு," என்றார் ஜவரேகவுடா. "ஊர் முன்னாடி பேசின பேச்சு. அவிழ்க்கறேன்."

செலுவம்மா எழுந்து முளைக்கு முன்னால் நின்றாள். "யார் கேட்டது?"

"உன் புருஷன்."

"மாடு யாருது?"

"அது..."

"பட்டேல் ஐயா, நீங்க சொல்லுங்க. மாமா யார் பேரச் சொல்லிட்டுப் போனார்?"

"உன் பேரத்தான்மா," என்றார் பட்டேல். "ஆனா அன்னிக்கு நிபந்தனை போட்டப்போ..."

"அன்னிக்கு யார் தலையாட்டினது? இவர். மாடு என்னுது, தலை அவருது. நான் அஞ்சடி தள்ளி மதிலோரமா நின்னேன். செலுவி, உனக்குச் சம்மதமான்னு உங்க அஞ்சு பேர்ல ஒருத்தர் திரும்பிப் பார்த்தீங்களா? கேக்காத பேச்சுக்கு நான் ஏன் கட்டுப்படணும்?"

"அப்போ இத்தனை நாள் மாட்டப் பட்டினி போட்டு எதுக்கு இந்தக் கூத்து?" ஜவரேகவுடாவின் குரல் உயர்ந்தது. "கட்டுப்படாதவ என் தாளத் தின்ன விட்டிருக்க வேண்டியதுதானே?"

அவள் சுக்கியின் விலாவில் கை வைத்தாள். "அது எனக்கும் அதுக்கும் உள்ள கணக்கு. அதுகிட்ட மன்னிப்புக் கேட்டுக்குவேன். உங்ககிட்ட கேக்க எனக்கு எதுவும் இல்ல. ஒரு பிடிகூட." கட்டைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள். "கயிறு முடிச்சு அப்படியே இருக்கு, பார்த்துக்குங்க. எடுத்துட்டுப் போங்க."

அவளுக்குப் பின்னால் சுக்கி கூடையின் அடிவரைக்கும் துழாவுகிற சத்தம் நன்றாகவே கேட்டது. பட்டேல் குனிந்து அந்த வைக்கோலில் ஒரு கீற்றை எடுத்தார். விரலில் சுற்றினார். ஒடியவில்லை.

"தின்னுதேப்பா ஜவரா," என்றார் கடைசியில். "தின்னற மாட்ட முளையில இருந்து அவிழ்க்க நான் சாட்சி நிக்க மாட்டேன்."

ஜவரேகவுடா கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். தேவீரம்மா நின்றாள். கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், "நாலு கிலோதானேடி சொன்ன, நூறு கிலோவுக்கு?" என்றாள்.

"நாலுதான். அம்பது லிட்டர் தண்ணி."

"அவர்கிட்டச் சொல்லாத." அவளும் போனாள்.

போரேகவுடா இன்னும் குந்தியபடியே இருந்தான். "என் மேல கோவமா?"

"ஆமா," என்றாள் செலுவம்மா. "அடுத்த கூடைய உதறுங்க. வெயில் வந்துடுச்சு."

பிறகு செம்பை எடுத்துக்கொண்டு கறக்க உட்கார்ந்தாள். இரண்டே முக்கால் லிட்டர்தான் வந்தது, நேற்றையைவிடக் கால் லிட்டர் குறைவு. அவள் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டாள். பின்னால் போரில் இன்னும் ஒன்றரை மாதத்துக்குத் தீனி இருந்தது, சுக்கி அவளுடைய முளையில் நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது.